சாகேவும் சுட்ட மீனும் - ஒரு சாப்பாட்டு ராமனின் கருத்து

ஒசாகாவுக்கு ஆன்சைட் வந்த புதுசு. போனஸ் வந்த தெம்புல, கடையில இருந்ததுலயே விலை அதிகமான சாகே ஒண்ணை வாங்கிட்டேன். தாய்கின்ஜோ வகை. குறைஞ்சது பாதி அரிசியைத் தேய்ச்சுத் தள்ளிட்டு மிச்சத்துல செய்யறது. மூக்குகிட்ட கொண்டு போனா ஆப்பிள், வாழைப்பழ வாசனை. தொட்டுக்க, உப்புத் தடவி சுட்ட கானாங்கெளுத்தி. ரெண்டு வாய்தான் மக்களே! பழ வாசனையும் மீன் வாசனையும் வாய்க்குள்ள சண்டை போட்டு ரெண்டுமே தோத்துப் போச்சு :(

இந்த சோகக் கதையை ஆபீஸ்ல சொன்னேன். சீக்கிரம் ஓய்வு பெறப் போற ஒரு ஜப்பானியப் பெரியவர், சிரிச்சுக்கிட்டே பக்கத்து இசாகாயாவுக்குக் கூட்டிட்டுப் போனார். (நம்மூர் மெஸ்ஸும் பாரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா பொறக்கிற பிள்ளைதான் இசாகாயா.) அதே மீன். சாகே மட்டும் வேற. சாதாரண விலையில ஒரு ஜுன்மாய், அதுவும் வெதுவெதுப்பா. ஒரு வாய் மீன், ஒரு மடக்கு சாகே, மறுபடி மீன். தட்டு காலியானதே தெரியல.

அன்னிலேர்ந்து என் கட்சி இதுதான்: தனியா ரசிக்க தாய்கின்ஜோ இருக்கட்டும், சாப்பாட்டோடன்னா ஜுன்மாய்தான்.

ஜுன்மாய்னா சுத்த அரிசின்னு அர்த்தம். அரிசி, தண்ணி, ஈஸ்ட், கோஜிங்கிற பூஞ்சை. வெளியிலேர்ந்து ஆல்கஹால் சேர்க்கறதில்ல. பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, பீர் சீக்வென்ஷியல், சாகே பேரலல் ப்ராசஸிங். பீர்ல முதல்ல மாவுச்சத்தை சர்க்கரையாக்கிட்டு அப்புறம் புளிக்க வைக்கிறாங்க. சாகேல ரெண்டும் ஒரே தொட்டியில, ஒரே நேரத்துல நடக்குது.

புரதம் அதிகம் இருக்கிறது அரிசியோட வெளிப்பக்கத்துல. புரதம் உடைஞ்சா அமினோ அமிலம். நாக்குல அதுதான் உமாமி. ரொம்பத் தேய்ச்சா வாசனை தூக்கும், இந்த ருசி மெலியும். சாகேல ஒயினை விட புளிப்பு கம்மி, இரும்புச் சத்தும் ரொம்பக் கம்மி. அதனால மீனோட கவுச்சியைக் கிளப்பி விடாது.

அப்ப ஏன் எல்லாரும் சதவீதத்தைப் பார்த்தே வாங்கறோம்? 2004 வரைக்கும் ஜுன்மாய்னு லேபிள் ஒட்டணும்னா அரிசியை 70 சதவீதத்துக்காவது தேய்ச்சிருக்கணும். அந்த விதியையே எடுத்துட்டாங்க. நாமதான் இன்னும் நம்பரைப் பிடிச்சுத் தொங்கறோம்.

ஆல்கஹால் சேர்த்தாலே கலப்படம்னும் சொல்லல. வாசனையை எடுத்துக் காட்ட அளவா சேர்க்கிற நல்ல சாகே நிறைய இருக்கு. ஆனா போருக்கு அப்புறம் அரிசித் தட்டுப்பாட்டுல, ஆல்கஹாலும் சர்க்கரையும் அமிலமும் கலந்து ஒண்ணை மூணாக்கின கதையும் இருக்கு. தட்டுப்பாடு போயும் பழக்கம் போகல. 2006ல சட்டம் மாறினப்புறம்தான் அந்தச் சரக்கு சாகேங்கிற பேரை இழந்துச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1964ல, கியோட்டோ ஃபுஷிமியில இருக்கிற தமனோஹிகாரி எதுவும் சேர்க்காத சாகேவைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. ஜுன்மாய் மேல எனக்கு மரியாதை வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

செய்முறை ரொம்ப சிம்பிள். குடுவையை சுடுதண்ணியில வச்சு 40-45 டிகிரிக்கு சூடு பண்ணுங்க, கொதிக்க விடாதீங்க. பக்கத்துல ஒரு கிளாஸ் தண்ணி கட்டாயம். ஓதென்ல வெந்த முள்ளங்கி, மிசோவுல வேகவச்ச மீன், உப்புல ஊறின கணவாய் எதுவா இருந்தாலும் ஒத்துப்போகும். ஷாட் மாதிரி மட்டும் கவுத்துடாதீங்க, புண்ணியமா போகும்!

கிளம்பறப்ப பெரியவர் ஒண்ணு சொன்னார். அவர் ஊர்ல இருந்த சாகே பட்டறையை மூடிட்டாங்களாம். "நாங்களே பீருக்குப் போயிட்டோம், யாரைக் குறை சொல்றது?" ஜப்பான்ல சாகே குடிக்கிறது 1970கள்ல இருந்ததுல மூணுல ஒரு பங்கு கூட இப்ப இல்ல. 2024 டிசம்பர்ல யுனெஸ்கோ இந்தக் கலையைப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது சந்தோஷம்தான். ஆனா பட்டறையை வாழ வைக்கிறது பட்டியல் இல்ல, தினப்படி சாப்பாட்டு மேசை. பண்டிகைக்கு மட்டும் வாங்கற பாட்டிலை நம்பி எத்தனை பட்டறை ஓடும்?

டிஸ்கி: குடிக்காதவங்களை ஆரம்பிக்கச் சொல்லல. குடிக்கிறவங்க சாப்பாட்டோட, அளவோட. மாற்றுக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்மலாம் :)