ரஞ்சித்திடம் நாம் கற்க வேண்டியது

திருவையாற்றில் ஒவ்வோர் ஆண்டும் தியாகராஜர் ஆராதனைக்குக் காவிரிக்கரையில் பந்தல் போடுகிறார்கள். எங்கெங்கிருந்தோ வித்வான்கள் வருகிறார்கள். அதே ஊரில் நம் தோழர்களின் வீட்டுச் சுவரில் பறை தொங்குகிறது. அதற்குச் சாவு வீட்டிலிருந்து மட்டும்தான் அழைப்பு. 2020 டிசம்பரில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பு சென்னையில் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியபோது, சபாக்களின் சீசனிலேயே பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடையேறின. இந்த ஊரிலிருந்து அதைப் பார்த்த எங்களுக்கு அது வெறும் கச்சேரியாகத் தெரியவில்லை.

மாணவர்களோடு ரஞ்சித்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பேச்சு கபாலியின் கோட்டில் தொடங்கி காலாவின் கறுப்புச் சட்டையில் போய் நிற்கிறது. காட்சியின் மூலையில் அம்பேத்கர் படம் எங்கே இருக்கிறது என்று தேடுவது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. தவறில்லை. நம்மைத் திரையில் கண்ணியத்தோடு பார்த்த மகிழ்ச்சி அது. ஆனால் அவர் வேலை செய்யும் முறையில்தான் நமக்கான பாடம் இருக்கிறது என்று நினைக்கிறோம்.

சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, வெங்கட் பிரபுவிடம் உதவி இயக்குநராக இருந்து, 2012-இல் 'அட்டகத்தி' எடுத்தார். 2014-இல் 'மெட்ராஸ்', 2016-இல் 'கபாலி', 2018-இல் 'காலா'. ரஜினிகாந்தை இரண்டு முறை இயக்கியவர் பெரிய நடிகர், பெரிய பட்ஜெட் என்றே போயிருக்கலாம். அவரோ அதே 2018-இல் நீலம் நிறுவனத்தின் முதல் முழுநீளப் படத்தை, அதுவரை படமே எடுத்திராத மாரி செல்வராஜிடம் கொடுத்தார். 'பரியேறும் பெருமாள்' பிறந்தது. பிறகு தன் உதவியாளர்களான அதியன் ஆதிரைக்கு 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', பிராங்க்ளின் ஜேக்கப்புக்கு 'ரைட்டர்', ஜெயக்குமாருக்கு 'ப்ளூ ஸ்டார்'. எழுத்தாளர்களையும் விடவில்லை. 'சார்பட்டா பரம்பரை'யில் தமிழ்ப்பிரபாவும் 'தங்கலா'னில் அழகிய பெரியவனும் அவரோடு எழுதினார்கள். பாட்டுக்கு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', படிக்க 'கூகை' நூலகம்.

சினிமாவில் வேலைக்கு விளம்பரம் வராது. தெரிந்தவர் மூலம்தான் உள்ளே போக முடியும். தெரிந்தவர் யார்? பெரும்பாலும் சொந்தக்காரர், சொந்த ஊர்க்காரர், சொந்த சாதிக்காரர். 'நாங்கள் சாதி பார்ப்பதில்லை' என்று சொல்லிக்கொண்டே சாதி இப்படித்தான் வேலை பார்க்கிறது. தெரிந்தவர் யாருமே இல்லாத நம் பிள்ளைகளுக்கு ரஞ்சித் தெரிந்தவராகப் போய் நின்றார். அவருடைய மிகப் பெரிய படைப்பு அதுதான்.

அதற்காக அவரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக ஆக்கிவிட வேண்டாம் தோழர்களே. 2025 ஜூலையில் நம் டெல்டாவில், நாகை மாவட்டத்தில், அவருடைய 'வேட்டுவம்' படப்பிடிப்பில் கார் சாகசக் காட்சியின்போது சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் உயிரிழந்தார். ரஞ்சித் உள்ளிட்டோர் மீது வழக்கும் பதிவானது. சட்டப்படி யார் பொறுப்பு என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் மலக்குழியில் இறங்குகிறவரின் உயிருக்காகத் தெருவில் நிற்கும் நாம், படப்பிடிப்புத் தளத்துத் தொழிலாளியின் உயிருக்காகவும் கேட்டாக வேண்டும். எடுப்பவர் நம்மவர் என்பதால் கேள்வியைக் குறைத்துக்கொண்டால் அது அம்பேத்கரியம் ஆகாது. தனிமனித வழிபாட்டைப் பற்றி அவர் எச்சரித்ததை நாம் மறக்கலாமா?

சரி, நாம் என்ன செய்யப் போகிறோம்? 'அடுத்த ரஞ்சித் ஆக வேண்டும்' என்று பல தம்பிகளும் தங்கைகளும் சொல்கிறார்கள். ஆகுங்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த மண் இது. இங்கே சொல்லப்படாத கதைகள் ஆயிரம். சென்னையிலிருந்து யாராவது வந்து எடுப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் பாட்டியின் நடவுப் பாட்டைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். அப்பாவின் பறையடியைப் படம் பிடியுங்கள். எடிட்டிங் தெரிந்தவர் தெருவில் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

அடுத்த ஆராதனைக்குள் நம் தெருவில் ஒரு திரை கட்டுவோம். அதில் ஓடும் படத்தை எடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் நீளமாக இருக்க வேண்டும்.

ஜெய்பீம்!