கிழங்கு நம்முடையதுதான், அந்த மாத்திரை வேண்டாம்

போன மாதம் ஒரு விடியற்காலை, வழக்கம்போல மூன்று பேர் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். காந்தி சிலையைத் தாண்டியதும் எங்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், "கண்ணை இருட்டுதுப்பா" என்றார். பிடிப்பதற்குள் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ வைத்து மருத்துவரிடம் கொண்டு போனோம். ரத்த அழுத்தம் 90க்கு 60. "பிரஷர் மாத்திரை தவிர வேறு ஏதாவது சாப்பிடுறீங்களா ஐயா?" என்று மருத்துவர் கேட்டார். நண்பர் முதலில் இல்லை என்றார். இரண்டாம் முறை கேட்டதும், வீட்டில் ஒரு டப்பா இருப்பதை ஒப்புக்கொண்டார்.

அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கி வந்த டப்பா. தொப்பை கரையுமாம். மேலே 'ஃபோர்ஸ்கோலின்' என்று கொட்டை எழுத்து, கீழே 'இந்தியாவின் பண்டைய மூலிகை' என்று ஒரு வரி. இதனால்தான் மயக்கம் வந்தது என்று மருத்துவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் பிரஷர் மாத்திரையோடு இது சேரக் கூடாது, இன்றே நிறுத்துங்கள் என்றார். நண்பர் நிறுத்திவிட்டார். எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை.

இந்த ஃபோர்ஸ்கோலின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கம் விளையும் மருந்துக்கூர்க்கன் கிழங்கிலிருந்து. நம் வீட்டுத் தொட்டியில் இருக்கும் கற்பூரவள்ளிக்கும், நெல்லைப் பக்கம் பொங்கலுக்கு வாங்கும் சிறுகிழங்குக்கும் இது பங்காளி. குஜராத்தில் ஊறுகாய் போடுகிறார்கள். 1970களில் பம்பாயில் ஹெக்ஸ்ட் என்ற ஜெர்மன் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையமும், லக்னோவில் நம் அரசின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும் தனித்தனியாக இந்தக் கிழங்கிலிருந்து ஒரே பொருளைப் பிரித்தெடுத்தன. லக்னோக்காரர்கள் வைத்த பெயர் கோலியனால். உலகத்தில் நிலைத்தது பம்பாய்க்காரர்கள் வைத்த பெயர். "வெள்ளைக்காரன் திருடிவிட்டான்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பொய். கண்டுபிடிப்பு நடந்தது இந்த நாட்டில்தான்.

1981ல் அமெரிக்காவில் சீமன், டேலி என்ற விஞ்ஞானிகள் இதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். குமாஸ்தா பாஷையில் சொல்கிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஓர் அலுவலகம். அட்ரினலின் மாதிரியான ஹார்மோன் வாசலில் வந்து மணியடிக்கும், உள்ளே வராது. உள்ளே சேதியைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பியூன் உண்டு. அவன் பெயர் சைக்ளிக் ஏ.எம்.பி. அவனைக் கண்டுபிடித்த சதர்லாந்துக்கு 1971ல் நோபல் பரிசு கிடைத்தது. ஃபோர்ஸ்கோலின் வாசல் மணியை அடிப்பதில்லை. நேரே உள்ளே போய்ப் பியூன்களைக் கூட்டம் கூட்டமாக உண்டாக்கிவிடுகிறது. ஏறக்குறைய எந்த செல்லிலும் இதைச் செய்யும்.

இதய செல்லில் பியூன் பெருகினால் துடிப்பு வலுக்கும். ரத்தக் குழாயில் பெருகினால் குழாய் தளர்ந்து அழுத்தம் இறங்கும். தட்டணுக்களில் பெருகினால் ரத்தம் உறைவது தாமதமாகும். குடலில் பெருகினால் தண்ணீர் கொட்டும். காலராக் கிருமியின் நஞ்சு செய்வதும் இதைத்தான். அந்த நஞ்சைக் கண்டு சொன்னவர் கல்கத்தாவின் சம்புநாத் டே, 1959ல். கொழுப்பு செல்லில் பெருகினால் கொழுப்பு கரையும். இத்தனை வரிகளில் அந்தக் கடைசி வரியை மட்டும் கத்தரித்து டப்பாவில் ஒட்டிவிட்டார்கள். மற்ற வரிகள் எங்கே ஐயா போயின?

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு அறிவியல் நடத்திய வாத்தியார் க்ளோத் பெர்னாரின் தவளையை விடாமல் சொல்வார். பெர்னார் தவளைக்கு க்யூரார் என்ற அம்பு விஷத்தைக் கொடுத்தார். நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையையே தூண்டினால் அசைந்தது. ஆக, நரம்பும் தசையும் பேசிக்கொள்ளும் இடத்தைத்தான் விஷம் அடைக்கிறது என்று தெரிந்தது. விஷமே ஆராய்ச்சிக் கருவியானது. அந்த வகுப்பில் இருந்த எந்த முட்டாளும், நான் உட்பட, க்யூராரை வாங்கிச் சாப்பிடலாம் என்று நினைக்கவில்லை.

இன்றைய சோதனைக்கூடத்திலும் அதே முறைதான். அலுவலகத்தில் ஒரு கோப்பு எந்த மேசை வழியாகப் போகிறது என்று தெரிய வேண்டுமானால், ஒரு மேசைக்காரருக்கு விடுப்பு கொடுத்துப் பாருங்கள். கோப்பு நின்றால் அந்த மேசை வழிதான். ஃபோர்ஸ்கோலினால் சேதியைக் கிளப்பி, ஹெச்-89 போன்ற தடுப்பானால் அடுத்த மேசையை அடைத்துப் பார்ப்பார்கள். அதோடு விடுவதில்லை. ஹெச்-89 வேறு சில நொதிகளையும் அடைக்கும், ஃபோர்ஸ்கோலின் வேறு சில கதவுகளையும் தட்டும் என்று தெரிந்ததால், பியூனை உண்டாக்காத ஒரு போலி ஃபோர்ஸ்கோலினையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஆராய்ச்சிக்காரனுக்கு அவ்வளவு சந்தேகம். விற்கிறவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

இந்தக் கருவியால் விளைந்த நன்மையையும் சொல்ல வேண்டும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பிள்ளைகளின் நுரையீரலைக் கெடுக்கும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. நோயாளியின் குடலிலிருந்து துளி சதை எடுத்துக் கிண்ணத்தில் சிறு உருண்டைகளாக வளர்த்து, ஃபோர்ஸ்கோலினை விடுகிறார்கள். ஆரோக்கியமான உருண்டை உப்பும், நோயுள்ளது உப்பாது. கூடவே ஒரு மருந்தைச் சேர்த்து உப்பினால், அந்த மருந்து அந்த நோயாளிக்கு உதவக்கூடும். 2013ல் நெதர்லாந்தில் இதைச் செய்து காட்டினார்கள். ஆத்தூர்க் கிழங்கின் சத்து இப்படிப் பயன்படுவதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

சோதனைக்கூடத்தில் வேலை செய்யும் என் தங்கை மகள் அந்தச் சிமிழைக் காட்டினாள். 10 மில்லிகிராம் சுத்தமான தூள், விலை ஆயிரங்களில். "லேபிளைப் படிங்க மாமா" என்றாள். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சடித்திருந்தது. சுத்தமான சரக்குக்கு இந்த எச்சரிக்கை. கலவைச் சரக்கு அடைத்த டப்பாவிலோ ஒல்லியான பெண்ணின் சிரிப்பு.

எடை குறைகிறதா? 2005ல் இரண்டு சோதனைகள் வெளியாயின. 30 ஆண்கள், 12 வாரம்: கொழுப்பு விகிதம் கொஞ்சம் இறங்கியது, எடை குறிப்பிடும்படி இறங்கவில்லை. 23 பெண்கள், 12 வாரம்: எடை குறையவில்லை. இதை வைத்துக்கொண்டு 2014ல் அமெரிக்கத் தொலைக்காட்சி மருத்துவர் ஒருவர் புகழ்ந்து தள்ளினார். சரக்கு பறந்தது. எடை குறைப்புப் பொருட்களைப் பற்றிய பேச்சுக்காக அதே ஆண்டு செனட் குழு அவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. அந்த நாட்டில் 1994 சட்டப்படி, துணை உணவு விற்கிறவர் பலனை முன்கூட்டி நிரூபிக்கத் தேவையில்லை.

"இயற்கைதானே, கிழங்குதானே" என்பார்கள். அரளி விதையும் இயற்கைதான். ஜப்பானில் இதன் மாற்றுருவம் ஒன்றை இதய நோய்க்கு மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது ஊசி. மருத்துவர் பக்கத்தில் நின்று அழுத்தம் பார்த்துக் கொடுப்பது. சாயங்காலக் காப்பியோடு விழுங்குவது அல்ல.

"நம் விவசாயி பிழைக்கிறானே" என்பதும் ஒரு வாதம். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. உலர்ந்த கிழங்கில் அரை சதவீதம் சத்து இருந்தாலே நல்ல சரக்கு. அப்படியென்றால் ஒரு கிலோவில் 5 கிராம், அதாவது 500 சிமிழ். உலகத்துச் சோதனைக்கூடங்கள் எல்லாம் சேர்ந்தாலும் நம் வயல்களைக் காலி செய்யாது. வாங்குவது மாத்திரைக்காரன்தான். ஆனால் மோகத்தை நம்பிப் பயிரிட்டவனை, மோகம் இறங்கும் நாளில் யார் கேட்பார்கள்? கம்பெனிக்காரன் அடுத்த வேருக்குப் போய்விடுவான். விவசாயிக்குக் கேட்க வேண்டியது நியாயமான ஒப்பந்தம். என் நண்பரின் தலைச்சுற்றல் அதற்கு விலையாக முடியாது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரஷர் மாத்திரை, ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பிள்ளைகள் பாசத்தோடு கொண்டு வந்த டப்பாவாகவே இருந்தாலும், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவை சிகிச்சை என்றால் கேட்காமலே சொல்லுங்கள். 'செல் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால், கிண்ணத்தில் இருந்த செல்லுக்கு என்று படித்துக்கொள்ளுங்கள்.

நண்பர் மறுபடி நடைக்கு வருகிறார். தொப்பையும் கூடவே வருகிறது. இரண்டையும் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.