ரஃப் ஒர்க்கையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர்களும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்களும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடம் 'உறவுகளும் சார்புகளும்'. அதில் சார்புகளின் சேர்க்கை என்று ஒரு பகுதி வரும். எஃப், ஜி என்று இரண்டு சார்புகளைக் கொடுத்து, முதலில் ஜி பிறகு எஃப் செய்தால் என்ன விடை, வரிசையை மாற்றினால் என்ன விடை என்று கேட்பார்கள். பிள்ளைகள் சரியாகப் போட்டு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். "இது எதுக்கு சார்?" என்று யாராவது கேட்டால், பல வகுப்புகளில் கிடைக்கிற பதில் "பரீட்சைக்கு வரும், படி" என்பதுதான்.

அதே பிள்ளை சாயங்காலம் வீட்டுக்குப் போய், கைபேசியில் ஒரு படம் எடுத்து வெளிச்சத்தைக் கூட்டுகிறான். பின்னணியை மங்கலாக்குகிறான். ஓரத்தைக் கருக்குகிறான். காலையில் படித்த அதே பாடத்தைத்தான் விரலால் செய்துகொண்டிருக்கிறான். அது அவனுக்குத் தெரியாது. தெரிய வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு வேலைக்கு வந்தவன். கணினிப் பட்டம் எதுவும் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

படம் என்பது கணினிக்கு எண்களின் கட்டம். ஒரு முழு எச்டி படத்தில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு 0 முதல் 255 வரை ஓர் எண். ஷேடர் என்பது ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக ஓடும் ஒரு சின்ன நிரல். 'உன் எண்ணை ஒன்றரையால் பெருக்கு' என்பது ஒரு ஷேடர். 'அக்கம்பக்கத்து எண்களோடு சேர்த்துச் சராசரி எடு' என்பது இன்னொன்று. கிராஃபிக்ஸ் சிப் இதை ஏராளமான புள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் செய்கிறது.

நான்கு விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டுமென்றால், முதல் விளைவின் விடை உடனே திரைக்கு வராது. திரையில் தெரியாத ஒரு படத்தில் எழுதப்படும். அதைப் படித்து இரண்டாவது வேலை செய்யும். அதன் விடையும் மறைவாகத்தான் எழுதப்படும். கடைசி விடை மட்டும்தான் நம் கண்ணுக்கு வரும். பரீட்சைத் தாளின் ஓரத்தில் கோடு போட்டு 'ரஃப் ஒர்க்' செய்வோமே, அந்த இடம்தான் இந்த மறைவான படம்.

இப்படி எத்தனை ரஃப் தாள் வேண்டும்? பத்து விளைவுக்குப் பத்தா? வேண்டாம். இரண்டே போதும். நம் வீட்டு டபராவும் டம்ளரும் போல. எத்தனை தடவை ஆற்றினாலும் காபிக்கு மூன்றாவது பாத்திரம் தேவைப்படுவதில்லை. ஒன்றிலிருந்து படித்து மற்றதில் எழுது. அடுத்த முறை திசையை மாற்று.

சரி, ஒன்றே போதாதா என்று பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல கேள்வி. இதற்குக் கணினி தேவையில்லை, சிலேட்டு போதும்.

ஐந்து பேரை வரிசையாக நிற்க வைத்தேன். சிலேட்டில் 0, 0, 90, 0, 0 என்று எழுதிக்கொண்டார்கள். ஓரத்து இருவரும் மாற்றக் கூடாது. நடுவில் உள்ள மூவரும் தன் எண், இடப்பக்கத்தான் எண், வலப்பக்கத்தான் எண் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, பழையதை அழித்துப் புதியதை எழுத வேண்டும். இடமிருந்து தொடங்கினோம். 0, 30, 40, 13, 0 என்று வந்தது. வலமிருந்து தொடங்கினோம். 0, 13, 40, 30, 0 என்று வந்தது. அதே கணக்கு, அதே பிள்ளைகள், விடை இரண்டு! யார் முதலில் அழிக்கிறார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. சிப்பில் எந்தப் புள்ளி முந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான், படிக்கிற படத்திலேயே எழுதினால் விடைக்கு உத்தரவாதம் இல்லை என்று அந்தத் துறையின் விதிமுறையே சொல்கிறது.

அடுத்து ஆளுக்கு இரண்டு சிலேட்டு கொடுத்தேன். பழையதை அழிக்காமல் புதியதில் எழுதச் சொன்னேன். 0, 30, 30, 30, 0. எந்தப் பக்கம் தொடங்கினாலும் இதேதான். இன்னொரு சுற்றுக்கு எதில் எழுதுவது என்று கேட்டேன். "பழசை அழிச்சிட்டு அதிலேயே எழுதலாம் சார், இனிமே அது வேணாம்ல" என்றது ஏழாம் வகுப்புப் பெண் ஒன்று. எழுதினார்கள்: 0, 20, 30, 20, 0. டபரா டம்ளரை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு வருகிறேன். என்னிடம் வரும் பிள்ளைகள் தங்கள் வகுப்பு குரூப் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார்கள். எந்த ஸ்டுடியோ என்பது இங்கே வேண்டாம். எல்லா முகமும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. வெள்ளைச் சட்டைகளில் பொத்தானும் இல்லை, பையும் இல்லை. "கருப்பா இருக்கிறவங்களுக்கு நல்லா இருக்கட்டும்னு போட்டாங்களாம் சார்" என்று ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணக்காகப் போட்டுப் பார்த்தோம். சட்டை 230, பொத்தான் 215 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.2 ஆல் பெருக்கினால் 276, 258. ஆனால் 255க்கு மேல் இடமில்லை. இரண்டும் 255 என்று வெட்டப்படும். பிறகு 1.2 ஆல் வகுத்து இருட்டாக்கினாலும் இரண்டும் ஒரே எண்தான். பொத்தான் திரும்பி வராது. இதையே மாற்றி, முதலில் வகுத்து முழு எண்ணாக்கினால் 192, 179. பிறகு பெருக்கினால் 230, 215. பொத்தான் அப்படியே இருக்கிறது. அதே இரண்டு சார்புகள்தான், வரிசை மட்டும் வேறு. இடையில் தொலைந்ததைக் கடைசியில் யாராலும் மீட்க முடியாது. விளையாட்டு நிரல் எழுதுபவர்கள் மறைவான படத்தில் 255ஐத் தாண்டிய எண்களையும் வைத்துக்கொள்ளும் 16 பிட் தசம முறையைப் பயன்படுத்துவது இதற்காகத்தான். வெட்டுவதைக் கடைசிப் படியில் வைத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பையன் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டான், "அப்போ வெளுப்புன்னா ஒரு பெருக்கல்தானா சார்?" ஆமாம் தம்பி, அவ்வளவுதான். தன் நிறத்தை ஒரு குறையாக நினைத்து வளரும் பிள்ளைக்கு நூறு அறிவுரை சொல்வதைவிட இந்த ஒரு பெருக்கல் அதிகம் உதவும் என்று நான் நம்புகிறேன். யாரோ ஒருவர் 1.2 என்று ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அது ஏன், யாரைக் கேட்டு என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்குவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்கலாம். படத்தை மங்கலாக்க ஒவ்வொரு புள்ளியும் 9க்கு 9 கட்டத்தைப் பார்த்தால் 81 எண்களைப் படிக்க வேண்டும். மொத்தம் 16,79,61,600 முறை. அதையே முதலில் கிடைமட்டமாக 9, பிறகு அந்த விடையில் செங்குத்தாக 9 என்று இரண்டு படியாகப் பிரித்தால் 18 போதும். 3,73,24,800 முறை. விடை அதேதான். ஒரு பெரிய வேலையைச் சரியாகப் பிரித்தால் எவ்வளவு மிச்சம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

"இதெல்லாம் கிராமத்துப் பள்ளிக்கு எதற்கு? ஏஐயே எல்லாம் செய்துவிடுமே" என்று ஒரு நண்பர் கேட்டார். கால்குலேட்டர் வந்தபோதும் வாய்ப்பாடு எதற்கு என்றுதான் கேட்டார்கள். கருவி செய்யட்டும். அது செய்ததில் பொத்தான் ஏன் காணாமல் போனது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டாமா? செலவு என்றும் சொல்ல முடியாது. பி5 ஜேஎஸ் என்ற கருவி இலவசம். சாதாரணக் கணினியின் பிரவுசரிலேயே ஷேடர் எழுதிப் பார்க்கலாம். அது இல்லாத பள்ளியில் சிலேட்டு இருக்கிறது.

என் வருத்தம் வேறு. கணினி வகுப்பு என்றால் எந்தப் பட்டனை அழுத்துவது என்று மனப்பாடம் செய்ய வைப்பதாகவே பல இடங்களில் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு 'கேம் டிசைன்' நடத்தும் இடங்களும் இதற்கு விலக்கல்ல. கணக்கு ஆசிரியரும் கணினி ஆசிரியரும் வாரத்தில் ஒரு பாடவேளை சேர்ந்து உட்கார்ந்தால் போதும். நான்கு விளைவு, நான்கு இடைப்படிப் படங்கள், வரிசையை மாற்றி இன்னொரு முறை. எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி வைத்து, எந்தப் படியில் எது தொலைந்தது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.

கணக்குத் தாளில் விடையை மட்டும் எழுதினால் நாம் முழு மதிப்பெண் போடுவதில்லை. வழிமுறை எங்கே என்று கேட்கிறோம். கைபேசி காட்டும் படத்தையும் பிள்ளைகள் அப்படிக் கேட்கப் பழக வேண்டும்.

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்கள் இந்தச் சிலேட்டு விளையாட்டை ஒரு நாள் செய்து பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று எழுதுங்கள். காத்திருக்கிறேன்.