நட்சத்திரம் போட்டால் நாற்காலி வருமா?

“அரசாங்கத்தை நம்பி என்ன ஆகப்போகிறது? எக்ஸ் தளத்தில் நாலு பேர் கிழித்தால் எந்தக் கம்பெனியும் வழிக்கு வந்துவிடும்.” படித்தவர்கள்கூட இப்படித்தான் பேசுகிறார்கள். சுத்த அபத்தம்.

கைவசம் ஒரு உதாரணமும் வைத்திருக்கிறார்கள்: போர்ன்விட்டா. 2023 ஏப்ரலில் ஓர் இளைஞர் அதிலுள்ள சர்க்கரையைப் பற்றி வீடியோ போட்டார், லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அதற்கு அடுத்து நடந்ததை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர் வீடியோவை நீக்கி மன்னிப்பும் கேட்டார். பிறகு கம்பெனியிடம் விளக்கம் கேட்டது தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பட்டியலிலிருந்து எடுக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது மத்திய வணிக அமைச்சகம். வீடியோ இல்லாமல் இது கிளம்பியிருக்காது, வாஸ்தவம்தான். ஆனால் முடித்து வைத்தது யார்?

அதுவாவது நம் பிள்ளைகள் குடிக்கிற பானம். நமக்கு வலிக்காத விஷயத்தில் நம் யோக்கியதை என்ன? தி.நகர் ஜவுளிக்கடைக்குப் போகிறோம். “பார்டர் இன்னும் சின்னதா காட்டும்மா” என்று முப்பது புடவையைப் பிரிக்கவைக்கிறோம். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது நாம். காலையிலிருந்து நிற்பது அந்தப் பெண். ஆள் வராத மதியத்தில் ரேக்கில் சாய்ந்தாலும் சூப்பர்வைசர் முறைப்பார். பார்க்கிங் சரியில்லை, பில் போடத் தாமதம் என்று கூகுளில் ஒற்றை நட்சத்திரம் குத்துகிற நாம், அந்தப் பெண்ணின் கால்வலிக்காக எத்தனை நட்சத்திரத்தைக் குறைத்தோம்? 2010-இல், ஜவுளிக்கடை ஊழியர்களின் அவதியைக் காட்டிய ‘அங்காடித் தெரு’ படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அந்தத் தீபாவளிக்கும் ரங்கநாதன் தெருவில்தான் நின்றோம்.

உட்காரும் உரிமைக்காகப் போராடியவர்கள் வேறு. கோழிக்கோட்டுக் கடைகளின் பெண் தொழிலாளர்கள் சங்கம் கட்டி வருடக்கணக்கில் போராடினார்கள். 2018-இல் கேரளம் கடை ஊழியருக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்றது. இதில் வாடிக்கையாளரின் பங்கு பூஜ்யம்.

சட்டம் வந்தும் நாற்காலி போடாத கடைகள் உண்டு. அது அரசின் கையாலாகாத்தனம், சந்தேகமில்லை. ஆனால் கேள்வி கேட்க இப்போது ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. முன்பு முதலாளியின் இரக்கத்தைத்தான் எதிர்பார்க்கவேண்டியிருந்தது.

அடுத்த முறை புடவை எடுக்கப் போனால், விற்பவர் உட்கார இடமிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். தொழிலாளர் துறைக்கு ஒரு புகார் எழுதுங்கள்.