சங்கிலி ஷிஃபா தராது

2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்கள் பகைவர் அல்லர். ஷிஃபாவை நாடி வந்த சொந்தக் குடும்பத்தாரே.

புத்தி பேதலித்தவர் தெளியும்வரை அவர்மீது பேனா உயர்த்தப்பட்டுள்ளது என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அல்லாஹ்வே கணக்குக் கேட்காத ஒருவரை நாம் கட்டிவைப்பது எங்ஙனம் தகும்? நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவியவர்களும் அவர்களே. துஆவைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. ஓதிப் பார்க்கும் அதே நாளில் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள் என்கிறோம். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையிலேயே மனநோயாளர்க்குத் தனிப்பகுதி இருந்தது.

ஜவ்வாது மலையில் ஒரு வாலிபர் இவ்வாறு நோயுற்றால், வெட்கம் குடும்பத்தின் வாயை அடைக்கிறது. மலையிறங்கும் செலவு காலைக் கட்டுகிறது. முதலில் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணமின்றி, இரவும் பகலும் தமிழில் ஆலோசனை கிடைக்கும். வர மறுப்பவர் தம் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்தாகும் நிலையில், இரு வல்லுநர் தனித்தனியே பரிசோதித்தபின் 30 நாள்வரை அனுமதிக்க 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இடமளிக்கிறது. சங்கிலியிடுவதை அச்சட்டமே தடைசெய்கிறது.

ஜமாஅத்தார்களே! பைத்துல்மாலிலிருந்து பேருந்துக் கட்டணமும், துணைக்கு ஓர் ஆளும் கொடுங்கள். அந்தத் தாய் தனியாக மலையிறங்க வேண்டாம்.