வானொலி மூலை: விட்ட பின்னும் விடாத விசை

சென்ற மாதம் எம் வீட்டில் நேர்ந்த ஒரு கோளாறினையும், அதன் வேரைக் கண்ட வகையினையும் இவ்விதழில் எழுதுகின்றோம். அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற அன்பர்க்கும், பெற விழையும் நம் பிள்ளைகட்கும் இது பயன்படும்.

கணிப்பொறியின் துணையால் செய்தி அனுப்பும் முறைகளுள் எப்.டி.8 என்பது 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1993-இல் பௌதிகத்திற்கான நோபெல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் என்பாரும், ஸ்டீவ் பிராங்க் என்பாரும் இதனை ஆக்கினர். பதினைந்து விநாடிப் பொழுதில் ஏறத்தாழ பதின்மூன்று விநாடி அனுப்புதல், அடுத்த பதினைந்தில் கேட்டல் என்பது இதன் ஒழுங்கு. நொடி தவறாமல் பெட்டியின் அனுப்பு விசையை இட்டு எடுப்பது கணிப்பொறியின் வேலை. அதற்கு யு.எஸ்.பி. வடத்திலிருந்து ஆர்.டி.எஸ். என்னும் இணைப்பில் மின்னழுத்தம் வரும். அது ஒரு மின்தடை வழியாகச் சிறு டிரான்சிஸ்டரைத் திறக்கும். டிரான்சிஸ்டர் பெட்டியின் பி.டி.டி. முனையைத் தரையோடு சேர்க்கும். விசை விழும். அமைப்பு இவ்வளவே.

ஒரு ஞாயிறு இரவு வேலையை நிறுத்திவிட்டு உணவுக்கு எழுந்தோம். மகள் கணிப்பொறியில் ஒரு பாட்டினை இட்டாள். சற்றைக்கெல்லாம், "அப்பா, படம் ஓடுகிறது, பாட்டு மட்டும் கேட்கவில்லையே!" என்றாள். சென்று பார்த்தோம். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகின்றது. பாட்டின் தாளத்திற்கேற்ப முள் ஆடுகின்றது. வீட்டில் கேளாத பாட்டு வானெங்கும் போய்க்கொண்டிருந்தது!

இது நகைப்புக்குரியதன்று. இசையை ஒலிபரப்ப அமெச்சூர்க்கு உரிமையில்லை. மேலும், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, அந்தமானிலிருந்து செய்தி சொல்ல உதவியவர்களுள் அமெச்சூர் அன்பர்களும் இருந்தனர். அத்தகைய வேளையில் ஒருவர் விசை ஒட்டிக்கொண்டால், அழைப்பவர் குரல் அமிழ்ந்துபோகும். ஒட்டிய பெட்டிக்குக் காதும் கேளாது.

காணாமற்போன பார்சலைத் தேடும் எழுத்தர், அது கடைசியாக எந்த நிலையத்தில் பதிவாயிற்று என்றே முதலில் பார்ப்பார். நாமும் அவ்வழியே சென்றோம். பெட்டியின் பின்புறச் செருகியைப் பிடுங்கினோம். விளக்கு அணைந்தது. ஆதலின் பெட்டி குற்றமற்றது. செருகியை மீண்டும் இட்டோம், விளக்கு எரிந்தது. பின்னர்க் கணிப்பொறிப் பக்கத்து யு.எஸ்.பி. வடத்தை எடுத்தோம். விளக்கு அணைந்தது. டிரான்சிஸ்டர் எரிந்து ஒட்டியிருப்பின் அணைந்திராது. ஆகவே அதுவும் குற்றமற்றது. செயலியோ விசையை விட்டுவிட்டதாகவே காட்டிற்று. எஞ்சியது வடத்தின் நடுவேயுள்ள சில்லு ஒன்றே.

அது ஏன் உறைந்தது? ஏரியலைக் கழற்றி, 50 ஓம் போலிச் சுமையை மாட்டி அரை மணி நேரம் ஓட்டினோம். கோளாறில்லை. ஏரியலை மாட்டி 10 வாட்டில் ஓட்டினோம். அப்போதும் இல்லை. 50 வாட்டுக்கு உயர்த்தியதும் மூன்றாம் முறையே விசை ஒட்டிற்று. கள்வன் அகப்பட்டான். குவார்ட்டர்ஸ் மாடத்தில் மேசைக்கு அருகே கட்டிய ஏரியலின் அலையே வடத்தில் புகுந்து சில்லினை மயக்கிற்று.

மருந்து எளிது. நீண்ட வடத்தை விடுத்துக் குட்டை வடம் இட்டோம். அதன் இருமுனையிலும் பெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றினோம். ஏரியலை மேசையினின்றும் விலக்கிக் கட்டினோம். அதன் பின் ஒட்டவில்லை. கணிப்பொறியின் பொது ஒலியைப் பெட்டிக்குப் போகாவண்ணம் அதன் சொந்த ஒலிபெருக்கிக்கே திருப்பினோம். புதிதாகச் செருகிய ஒலிக்கருவியைக் கணிப்பொறி தானே முதன்மையாக்கிக் கொண்டதே பாட்டு வெளியேறக் காரணம்.

விசை விழவே இல்லையெனில் வேறு வழி. பி.டி.டி. முனையைச் சிறு கம்பியால் தரையோடு தொட்டுப் பாருங்கள். பெட்டி அனுப்பினால் குறை கம்பிக்கு இப்பால் உள்ளது. செயலியில் குறித்த போர்ட் எண்ணைப் பாருங்கள். வடத்தை வேறு துளையில் செருகினால் அவ்வெண் மாறுவதுண்டு. பின்னர் ஆர்.டி.எஸ். முனையை மல்டிமீட்டரால் அளந்து, இறுதியில் டிரான்சிஸ்டரின் கால்கள் மாறியுள்ளனவா என நோக்குக.

இறுதியாக ஒன்று. கைகாட்டியின் கம்பி அறுந்தால் அது 'நில்' என்னும் நிலைக்கே திரும்புமாறு நம் முன்னோடிகள் அமைத்தனர். நம் பெட்டியும் அவ்வாறே இருத்தல் வேண்டும். பல பெட்டிகளில் அனுப்பும் நேரத்தை வரையறுக்கும் கடிகாரம் உண்டு. அதனை மிகக் குறைந்த அளவில் வைத்திடுக. செயலியின் காவலை மட்டும் நம்பற்க. சில்லு உறைந்தபின் செயலியின் சொல் ஏறாது. எம் கடிகாரம் அன்று அணைந்தே கிடந்தது. குற்றம் அலையினுடையது எனினும், பாதி நம்முடையதே.