தகவல் தந்தவர்: கணவர்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 89ஆம் பிரிவில் பெண்களுக்கென்று தனியாக ஒரு வரி இருக்கிறது. ஒருவரை அவருடைய சம்மதம் இல்லாமல் மனநல மருத்துவமனையில் சேர்த்தால், அதை மறுஆய்வு வாரியத்துக்கு ஏழு நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். சேர்க்கப்பட்டவர் பெண் என்றால் மூன்று நாட்களுக்குள். (சிறார்களுக்கும் அதே கெடுதான். வழக்கம்போல நம்மைக் குழந்தைகளோடு சேர்த்துவிட்டார்கள்.)

ஆக, ஒரு பெண்ணை உள்ளே தள்ளுவது எளிது என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவர்கள் செய்தது, ஒரு தகவல் அனுப்பச் சொன்னது மட்டும்தான். தகவல் போன பிறகு வாரியத்திலிருந்து யாராவது வந்து அவளைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அவளோ, அவளுடைய நியமனப் பிரதிநிதியோ, அவள் சம்மதத்தோடு ஒரு தொண்டு நிறுவனமோ மனுக் கொடுத்தால் ஏழு நாட்களுக்குள் வாரியம் முடிவு சொல்ல வேண்டும். யாரும் கொடுக்காவிட்டால் முப்பது நாள் வரை உள்ளேதான். ஊசி போட்டுப் படுக்க வைக்கப்பட்டவள், செல்போன் வீட்டுக்காரரின் சட்டைப்பையில் இருக்கும்போது, யாரிடம் மனுக் கொடுப்பாள்?

யாரை இப்படிச் சேர்க்கலாம் என்பதற்குச் சட்டம் சொல்லும் அளவுகோல்களைப் பாருங்கள். அண்மையில் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள முயன்றவர் அல்லது மிரட்டியவர். பிறரிடம் வன்முறையாக நடந்துகொண்டவர் அல்லது தன்னால் உடலுக்குத் தீங்கு வரும் என்ற அச்சத்தைப் பிறருக்கு ஏற்படுத்தியவர். தனக்கே ஆபத்தாகும் அளவுக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவர். சிகிச்சை பற்றித் தானாக முடிவெடுக்க முடியாத நிலையிலும் அவர் இருக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்து இதைச் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அதில் உறவினர் அல்லது நண்பரின் விண்ணப்பமும் இரண்டு மருத்துவச் சான்றிதழ்களும் இருந்தால் 90 நாள் வரை வைத்திருக்கலாம்.

என் சண்டை இரண்டாவது அளவுகோலின் பின்பாதியோடு. அச்சம். யாருடைய அச்சம்?

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இன்படி ஒரு மனைவி, 'இவரைக் கண்டால் எனக்குப் பயம்' என்று மாஜிஸ்திரேட்டிடம் போகிறாள். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள், வழக்கு 60 நாட்களுக்குள் என்று அந்தச் சட்டமும் சொல்கிறது. நீதிமன்ற வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், அது வாய்தாவுக்கு மேல் வாய்தா. அவருக்கு நோட்டீஸ் போகும், வக்கீல் வருவார், 'இவள் பொய் சொல்கிறாள்' என்று பதில் மனு வரும். அவர் தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு வாங்க வழி உண்டுதான். ஆனால் அந்த உத்தரவுகூட அவரை எந்தக் கட்டிடத்துக்குள்ளும் பூட்டாது. அதே வீட்டில் அதே கணவர், 'இவளைக் கண்டால் எனக்குப் பயம்' என்று மருத்துவமனைக்குப் போனால், இரண்டு கையெழுத்தும் முப்பது நாளும். அவருடைய பயத்தைக் குறுக்கு விசாரணை செய்ய அங்கே யாரும் இல்லை.

2011இல் நான் 22 நாள் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். எனக்கு நோயே இல்லை என்று வாதாட வரவில்லை. பல வாரமாகத் தூக்கம் இல்லை, இரவில் கத்தினேன், ஒருநாள் டிபன் கேரியரைத் தூக்கி எறிந்தேன். எனக்கு உதவி தேவைப்பட்டது. ஆனால் அம்மா என் பெயருக்கு எழுதிவைத்த மனையை விற்கக் கையெழுத்துக் கேட்டு ஒரு மாதமாக அந்த வீட்டில் எனக்கு நடந்தது எதுவும் என் கேஸ் ஷீட்டில் இல்லை. டிபன் கேரியர் இருந்தது. அதற்கு மேலே, முதல் பக்கத்தில், 'இன்ஃபார்மன்ட்: ஹஸ்பண்ட். ரிலையபிள்.' தகவல் தந்தவர் கணவர், நம்பகமானவர். அவரை நம்பலாம் என்று எப்படி முடிவு செய்தார்கள்? சட்டையை இன் செய்திருந்தார், நிதானமாகப் பேசினார். நான் அழுதுகொண்டிருந்தேன். பிறகு அதே டிஸ்சார்ஜ் சம்மரி விவாகரத்து மனுவோடு இணைப்பாக வந்தது. நோயின் பெயர் மட்டும் விவாகரத்துக்குப் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1988லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் மனு போடுகிறார்கள். பெண் வீட்டார் பயந்து சமரசத்துக்கு வந்தால் அதுவே அவர்களுக்குப் போதும்.

புதிய சட்டம் அன்று இருந்திருந்தால் என்னைக் காப்பாற்றியிருக்குமா என்று பிரிவு பிரிவாகப் படித்துப் பார்த்தேன். சமூக ஒழுக்கத்துக்கோ பண்பாட்டுக்கோ ஒத்துப்போகாததை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது 3ஆம் பிரிவு. அருமையான வரி, காதலுக்காகப் பூட்டப்பட்ட எத்தனையோ பெண்களுக்கு வேண்டிய வரி. ஆனால் எந்த டாக்டரும் 'அடங்காதவள்' என்று எழுதுவதில்லை. 'வயலன்ட்' என்றுதான் எழுதுவார். விண்ணப்பத்தில் யார் கையெழுத்துப் போடலாம்? நியமனப் பிரதிநிதி. நான் யாரையும் நியமித்திருக்காவிட்டால்? 14ஆம் பிரிவின் வரிசையில் அடுத்து நிற்பவர் உறவினர். இரத்தத்தால், திருமணத்தால், தத்தால் உறவானவர். அதாவது, மறுபடியும் அவர்.

தகவல் தருபவர், பயந்தவர், விண்ணப்பம் போடுபவர், என் நலனுக்குப் பிரதிநிதி, பில் கட்டுபவர், எல்லாம் ஒரே ஆள். வேறெந்தச் சட்டத்தில் இதை ஒப்புக்கொள்வோம்?

வீட்டார் சொல்வதைக் கேட்காமல் நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். கேளுங்கள். கேட்டதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல. குடும்பங்கள் களைத்துப்போயிருக்கின்றன என்கிறார்கள். உண்மை. மகளின் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும், அவர்களில் பெரும்பாலோருக்கு உதவ அருகில் எந்த மருத்துவமனையும் இல்லை. ஆனால் குடும்பத்தின் களைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் நாம் பார்த்தோம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு எரிந்துபோன 28 பேர் வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். புனேயில் பாபு டிரஸ்டைத் தொடங்கிய பார்கவி தாவர் போன்றவர்கள், கட்டாயச் சேர்க்கையே கூடாது என்று வாதாடினார்கள். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. உயிரைக் காக்க ஒரு கதவை அடைக்க வேண்டிய இரவு வரும் என்றே நினைக்கிறேன். அந்தச் சாவி 'கீழ்ப்பாக்கத்துல கொண்டுபோய்ப் போட்டுடுவேன்' என்று வருடக்கணக்கில் மிரட்டிய கையில் இருக்கக் கூடாது என்கிறேன்.

அந்த மூன்று நாள் கடிதத்தை ஒரு சந்திப்பாக மாற்றுங்கள். வாரியத்தின் ஆள் ஒருவர் வந்து, வீட்டார் இல்லாத அறையில் அவளிடம் பேசட்டும். உன்னை யாராவது அடித்தார்களா, சொத்துத் தகராறு உண்டா என்று கேட்டு எழுதட்டும். 'எனக்குப் பயம்' என்று சொன்னவரே அவளுடைய பிரதிநிதியாக இருக்க முடியாது என்று 14ஆம் பிரிவில் சேருங்கள். வாரியத்தின் இரண்டு இடங்கள் மனநோயைக் கடந்துவந்தவர்களுக்கு அல்லது பராமரிப்பாளர்களுக்கு அல்லது தொண்டு நிறுவனத்தாருக்கு என்று இருக்கிறது. அந்த 'அல்லது'களின் வழியே இரண்டு இடத்திலும் பராமரிப்பாளர்களே உட்காரலாம். ஓர் இடமாவது உள்ளே இருந்து வந்த ஒரு பெண்ணுக்கு வேண்டும்.

இதெல்லாம் நடக்க வருடங்கள் ஆகும். அதுவரை தோழிகளுக்கு ஒன்று சொல்கிறேன். பதினெட்டு வயது நிறைந்த யாரும் தன் பிரதிநிதியைத் தானே நியமிக்கலாம். நோய் வந்திருக்க வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். நான் என் கல்லூரித் தோழியின் பெயரை எழுதியிருக்கிறேன். ஒரு பிரதி அவளிடம், ஒன்று நான் மாதாமாதம் பார்க்கும் டாக்டரிடம், ஒன்று என் கைப்பையில்.